அண்ணனின் ஸ்டூல்

மேடையில் அண்ணன் டிரம்ஸை ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தான். காலால் மிதிக்கும் பெரிய டிரம், மடியோரத்துச் சின்ன டிரம், தோள் உயரத்துக் கம்பிகளில் நிற்கும் பித்தளைத் தட்டுகள். அரங்கத்தின் நடுவில் மிக்சிங் மேசைக்குப் பின்னால் நின்ற சவுண்ட்காரர் ஒவ்வொன்றுக்கும் கட்டைவிரலை உயர்த்தினார். காலி நாற்காலிகளின் மேல் மோதிச் சத்தம் அழகாகத் திரும்பி வந்தது. அது அண்ணனுக்குக் கேட்டிருக்காது. ஆனால் கட்டைவிரல் தெரிந்தது. அவனும் பதிலுக்கு ஒன்றை உயர்த்திவிட்டுப் பல்லைக் காட்டினான்.

சவுண்ட்காரர், பக்கத்தில் நின்ற தங்கையிடம் குரலைத் தணித்துக் கேட்டார். அண்ணன் அவ்வளவு தூரத்தில் இருக்கும்போது குரலைத் தணிக்க அவசியமே இல்லை. ஆனாலும் தணித்தார்.

“ஷோ ஆரம்பிச்சதும் மூடிடலாமில்ல?”

அவள் தலையாட்டினாள். வாயால் ‘ஆமாம்’ என்று சொல்லவில்லை. சொல்லாமல் ஆட்டினால் பாவம் பாதியாகக் குறையும் என்று ஒரு கணக்கு.

மூடப்போவது அண்ணனின் டிரம்ஸைச் சுற்றி வைத்திருந்த மைக்குகளை. சாயங்காலம் இந்த அரங்கம் நிறைந்ததும், மேசையில் இருக்கும் கணினி வேறு ஒருவர் வாசித்துப் பதிவு செய்த டிரம்ஸைக் கூட்டத்துக்குப் போட்டுக் காட்டும். அண்ணன் மேடையில் உட்கார்ந்து உயிரைக் கொடுத்து வாசிப்பான். அவன் வாசிப்பது யார் காதுக்கும் போய்ச் சேராது.

காதில் பூ சுற்றுவது என்பார்கள். இங்கே காதே கேட்காத ஒருவனுக்குச் சுற்றியாகிவிட்டது.

தங்கைதான் குழுவின் பாடகி. அவளுக்கு ஊரறிந்த பெயர் ஒன்று இருக்கிறது. வீட்டிலும் குழுவிலும் அவள் ‘தொண்டை’. பெயர் வைத்தது அண்ணன்தான். ஒரு டயர் கடைக்குப் பின்னால் இருந்த கிடங்கில் அவர்கள் பயிற்சி எடுத்த காலம் அது. எப்போதும் ஓதம் ஏறி ஈரம் கசியும் சுவர். அதனால் குழுவுக்கும் ‘ஈரச்சுவர்’ என்றே பெயர் வைத்தார்கள். மைக் கிடையாது. கிட்டாருக்கும் பேஸுக்கும் சேர்த்து ஓர் ஓட்டைப் பெட்டி. அண்ணனோ டிரம்ஸை அடிப்பவன் இல்லை, துவைப்பவன். அந்தச் சத்தத்தைத் தாண்டித் தன் பாட்டு கேட்க வேண்டுமென்றால் அவள் அலறத்தான் வேண்டியிருந்தது. அலறினாள். டயர் கடை முதலாளி இரண்டு தரம் ஓடி வந்து, யாருக்காவது அடிபட்டுவிட்டதா என்று கேட்டுவிட்டுப் போனார்.

“உனக்கு உடம்பே தொண்டைதான்டி,” என்றான் அண்ணன். பெயர் ஒட்டிக்கொண்டது.

முதல் ஆல்பம் வந்தபோது பத்திரிகைகளில் எழுதினார்கள், அவள் அலறலில் கலகம் இருக்கிறது, ஒரு தலைமுறையின் கோபம் இருக்கிறது என்று. கோபம் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் அதில் முக்கால்வாசி, அண்ணனைத் தாண்டிக் கேட்க வேண்டும் என்ற பாடுதான். அவள் மேடையில் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டிரம்ஸ் பக்கம் போய் நின்று பாடுவதையும் ஒரு பாணி என்று மெச்சினார்கள். அவன் முகத்தைப் பார்த்தால்தான் அவளுக்கு அடுத்த வரி வரும். அவ்வளவுதான் பாணி.

அங்கே நின்றால் தன் குரல் தனக்குக் கேட்காது. ஆகவே பாடகிக்கென்று வைக்கும் ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கி அண்ணனின் இடது தோளுக்குப் பின்னால் வைக்கச் சொன்னாள். ஒவ்வொரு ஊரிலும், ஒவ்வொரு மேடையிலும் சவுண்ட்காரரைப் பார்த்துக் கையை மேல்நோக்கி அசைத்து ஒரே வார்த்தை சொன்னாள்: “இன்னும் கொஞ்சம் ஏத்துங்க.”

அந்த ‘இன்னும் கொஞ்சம்’தான் அண்ணனின் இடது காதைத் தின்றது. முதலில் விசில் மாதிரி ஒரு சத்தம் உள்ளேயே ஓடுவதாகச் சொன்னான். “யாரோ குக்கர் வச்சுட்டு இறக்க மறந்துட்டாங்க,” என்று சிரித்தான். அப்புறம் அந்தக் காது ஒரேயடியாகப் படுத்துவிட்டது. வலது காதும் மெல்ல மெல்ல மங்கியது. இரண்டாவது ஆல்பம் முடிவதற்குள் அவன் அவள் உதட்டைப் பார்த்துப் பாட்டைத் தொடரக் கற்றுக்கொண்டிருந்தான். காது டாக்டர் காரணம் கேட்டபோது, “வேலையே சத்தம்தான் டாக்டர்,” என்று பொதுவாகச் சொன்னான். பெட்டியைப் பற்றிச் சொல்லவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த தங்கைக்கு அன்று நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

ஏதாவது செய்தாக வேண்டும் என்று அவள் ஒரு ஸ்டூல் வாங்கித் தந்தாள். டிரம்ஸ்காரர்களுக்கென்றே செய்வது. இருக்கைக்கு அடியில் ஒரு கருவி முடுக்கியிருக்கும். பெரிய டிரம்மை மிதிக்கும்போதெல்லாம் அது ஸ்டூலை அதிர வைக்கும். காதுக்கு வராதது இடுப்பு வழியாக உடம்புக்கு வந்துவிடும். அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் அதில் உட்கார வைத்து மிதித்துக் காட்டினான்.

“உலகத்துலயே உட்கார்ற இடத்தால கேக்கறவன் நான் ஒருத்தன்தான்,” என்றான்.

அவள் சிரித்தாள். உள்ளுக்குள் மட்டும், காதை எடுத்துக்கொண்டு ஸ்டூல் கொடுத்திருக்கிறோம் என்று ஒரு குரல் ஓடிக்கொண்டே இருந்தது.

பிறகு அவள் தொண்டைக்கே ஆபத்து வந்தது. குரல்நாண்களில் காய்ப்பு. இனி அலறினால் பேசவே முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூன்றாவது ஆல்பத்தை மெதுவான பாட்டுகளாகச் செய்யலாம் என்று முடிவானது. தயாரிப்பாளர் நல்ல மனிதர், பொறுமைசாலி. அவருடைய பொறுமையும் அண்ணனிடம் தீர்ந்தது. மெதுவான பாட்டை அண்ணனால் கேட்க முடியவில்லை. கேட்காததால் பலமாக அடித்தான், பலமாக அடித்ததால் பாட்டு செத்தது. எத்தனை முறை எடுத்தாலும் அதே கதை. ஒவ்வொரு முறையும் எடுத்து முடித்துவிட்டு அவன் ஆசையாகக் கேட்பான், “ஓகேவா?” பதிவறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து எல்லோரும் கட்டைவிரலை உயர்த்துவார்கள்.

அவன் வராத ஒரு நாள் காலையில் தயாரிப்பாளர் கூலிக்கு ஒரு டிரம்மரைக் கூட்டி வந்தார். ஒல்லியான ஆள். குச்சிக்குப் பதில் கம்பித் துடைப்பம் மாதிரி இரண்டு பிரஷ்ஷை எடுத்து, டிரம்மின் தோலைத் தடவத் தொடங்கினார். அந்த அறையில் முதல் தடவையாக அவளுக்குத் தன் மூச்சு கேட்டது. யாரையும் தாண்ட வேண்டியதில்லை. வாயைச் சும்மா திறந்தாள். பேசுகிற மாதிரி, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி ஒரு குரல் வந்தது. அது தன்னிடம் இருந்ததே அவளுக்குத் தெரியாது. பாட்டு முடிந்ததும் தயாரிப்பாளர் எழுந்து வெளியே போய் நின்றார். மதியத்துக்குள் எல்லாப் பாட்டையும் அந்த ஆளை வைத்தே எடுத்து, அண்ணனிடம் சொல்லாமல் அதையே ஆல்பத்தில் சேர்த்தார்கள்.

அந்த ஆல்பம்தான் அவளைப் பெரிய ஆளாக்கியது. முதிர்ச்சி என்றார்கள், பரிணாமம் என்றார்கள். ஒரு பேட்டியில், “இந்தக் குரல் எப்போது பிறந்தது?” என்று கேட்டார்கள். அவள் மென்று முழுங்கி ஏதோ சொல்லிச் சமாளித்தாள். உண்மை அவளுக்குத் தெரியும். அண்ணன் இல்லாத அறையில் பிறந்தது. அவனை அழித்துவிட்டு அந்த இடத்தில் அவள் எழும்பியிருக்கிறாள். இதைவிடக் கேவலம், அந்தக் காலையைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னால் கொடுக்க அவளுக்கு மனமில்லை.

அண்ணன் ஆல்பத்தைக் கேட்டது கையால். ஸ்பீக்கர் பெட்டியை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளங்கைகளை அதன் மேல் பரப்பிக்கொண்டான். கண்ணை மூடினான்.

“நான் எப்படி அடக்கி வாசிச்சிருக்கேன் பாத்தியா? எனக்கே நம்ப முடியல.”

“ஆமாண்ணா,” என்றாள் அவள்.

அந்த ‘ஆமாண்ணா’வை அடுக்களை வாசலில் நின்று அண்ணி கேட்டாள். அண்ணி ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பில் வேலை செய்கிறவள். வலியோடு வருகிறவர்களிடம் பொய் சொல்லாமல் பேசிப் பழகியவள். அன்று வாசல்வரை வழியனுப்ப வந்தவள் செருப்பை மாட்ட விடாமல் நின்றுகொண்டாள்.

“இது அவர் வாசிச்சது இல்ல.”

“அண்ணி…”

“கல்யாணம் ஆனதுலேருந்து இந்த மனுஷன் சாப்பாட்டு மேசையில, என் தோள்ல, ஜன்னல் கம்பியில தட்டித் தட்டிக் கேட்டிருக்கேன். இவருக்கு மூணாவது தட்டு எப்பவும் கொஞ்சம் அவசரம். அதுல அவசரமே இல்ல. எந்த ஆளோ அது.”

தொண்டை அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க சொல்லிடாதீங்க அண்ணி.”

“நான் ஏன் சொல்றேன்? செஞ்சது நீ. நீயே சொல்லு. அடுத்த ஷோவுக்கு அந்த மனுஷன் மேடை ஏறதுக்கு முன்னாடி சொல்லிடணும். ஊரே பாக்கற இடத்துல அவருக்குத் தெரிய வந்துச்சுன்னா, அதுக்கப்புறம் நீ எங்க வீட்டுப் படி ஏறாத.”

அந்த அடுத்த ஷோதான் இது. இதில் அண்ணன் நிஜமாகவே வாசித்தால் என்ன ஆகும் என்பது ஒத்திகையிலேயே தெரிந்துவிட்டது: புதிய குரல் எழும்பவேயில்லை. அவனை நீக்கவும் அவளுக்கு மனமில்லை. குரலை விடவும் மனமில்லை. இரண்டையும் வைத்துக்கொள்ளப் பார்த்தாள். மைக்கை மூடும் யோசனை அப்படித்தான் வந்தது. சவுண்ட்காரர் கெட்டிக்காரர். அண்ணனின் மிதி மைக்கை மூடினால் ஸ்டூல் அதிராது, ஸ்டூல் அதிராவிட்டால் கண்டுபிடித்துவிடுவான் என்று, கணினியில் இருக்கும் மிதியையே ஸ்டூலுக்கும் அனுப்ப ஏற்பாடு செய்தார். தாளத்தின் வேகத்தைக் காட்டும் மெட்ரோனோமின் டிக்டிக் சத்தத்தை ஹெட்போனில் முழு அளவுக்கு வைத்தால் அண்ணனும் கணினியும் ஒன்றாகவே போவார்கள். கடைசிப் பாட்டுக்கு அவன் கையிலும் பிரஷ்களைக் கொடுத்தார்கள். எல்லாம் கச்சிதம்.

மேடைக்குப் பின்னால் இருந்த ஒப்பனை அறையில் அண்ணன் சோபாவில் சாய்ந்து முழங்காலில் குச்சியால் தட்டிக்கொண்டிருந்தான். அவள் எதிரில் போய் உட்கார்ந்தாள். அறையில் வேறு யாருமில்லை. இதைவிட நல்ல சமயம் வாய்க்காது.

“அண்ணா, ஒண்ணு சொல்லணும்.”

“நானும் ஒண்ணு சொல்லணும். மொதல்ல நான்.” அவன் குச்சியைக் கீழே வைத்தான். “அந்தக் கடைசிப் பாட்டு இருக்குல்ல. அதைக் கேட்டு எல்லாரும் அழறாங்களாம். உங்க அண்ணிகூட அழுதா, எனக்குத் தெரியாம. நான்தான் இன்னும் அத முழுசாக் கேக்கவே இல்ல. ஹெட்போன்ல டிக்டிக்னு அதுதான் கேக்குது. உன் உதடு அசையறது மட்டும் தெரியுது. மீன் தொட்டியில மீன் வாயத் திறக்கற மாதிரி.”

அவள் சிரிக்க முயன்றாள்.

“என் தங்கச்சி பாட்ட ஊர்ல இருக்கறவன் எல்லாம் கேட்டுட்டான், நான் மட்டும் கேக்கல. சரி, நீ என்ன சொல்ல வந்த?”

சொல்வதற்கு வந்த எல்லாம் தொண்டையிலேயே நின்றுவிட்டது. பெயருக்கேற்ற உறுப்பு, தேவையான நேரத்தில் வேலை செய்யவில்லை.

“ஒண்ணுமில்லண்ணா. நல்லா வாசி.”

“அதுக்கா இவ்ளோ பீடிகை?” என்று அவள் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு எழுந்து போனான்.

மேடையின் ஓரத்தில் திரைக்கு இந்தப் பக்கம் அண்ணிக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். சொல்லியாயிற்றா என்று அவள் கண்ணால் கேட்டாள். தொண்டை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு மேடை ஏறினாள்.

அரங்கம் நிறைந்து வழிந்தது. முதல் பாட்டிலேயே கூட்டம் அவர்கள் கைக்குள் வந்துவிட்டது. அவள் பழக்கத்தில் திரும்பிப் பார்த்தபோது அண்ணனின் முகம் பூரித்துப் போயிருந்தது. மிதிக்கும் ஒவ்வொரு மிதியும் ஸ்டூலில் துளி பிசகாமல் வந்து விழுந்துகொண்டிருந்தது. தன் கால் இவ்வளவு சுத்தமாக ஒருநாளும் விழுந்ததில்லை என்று அவனுக்குத் தோன்றியிருக்கும். அவளைப் பார்த்து வாயசைத்தான்: “இன்னிக்கு என்னமோ தெரியல, சூப்பரா வருது!” அவள் தலையை ஆட்டிவிட்டுக் கூட்டத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பாட அவளால் முடியவில்லை.

கடைசிப் பாட்டு வந்தது. விளக்குகளைத் தாழ்த்தினார்கள். பிரஷ் தோலைத் தடவும் சத்தம் அரங்கமெங்கும் பரவியது. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. முதல் சரணத்தை முடித்துவிட்டு இரண்டாவதுக்கு அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள்.

அவன் வாசிப்பதை நிறுத்தியிருந்தான்.

பிரஷ்களை மடியில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் விட்டுக்கொண்டு, வலது காதை அவள் பக்கம் சாய்த்து வைத்திருந்தான். நாலு வரி வாசிக்காவிட்டால் என்ன, இந்த ஒரு தடவை கேட்டுவிடுவோம் என்று நினைத்திருக்கிறான். பாட்டின் நடுவே டிரம்மர் கையை எடுப்பான் என்று உலகத்தில் எந்தச் சவுண்ட்காரர் எதிர்பார்ப்பார்?

டிரம்ஸ் நிற்கவில்லை. பிரஷ் சத்தம் தன்பாட்டுக்கு ஓடியது. ஸ்டூல் மிதி மிதியாக அதிர்ந்தது.

அண்ணன் முதலில் காலைப் பார்த்தான். கால் தரையில் சும்மா இருந்தது. பிறகு ஸ்டூலின் ஓரத்தில் உள்ளங்கையை வைத்தான். ஆல்பத்தைக் கேட்க ஸ்பீக்கர் பெட்டியின் மேல் வைத்தானே, அதே மாதிரி. தூரத்தில் மேசைக்குப் பின்னால் நின்ற சவுண்ட்காரரைப் பார்த்தான். அவர் இந்தத் தடவை கட்டைவிரலை உயர்த்தவில்லை. கடைசியாகத் தங்கையைப் பார்த்தான்.

அவள் பாடிக்கொண்டிருந்தாள். குரல் கொஞ்சம்கூடப் பிசகவில்லை. பிசகியிருந்தாலாவது தன்னை மன்னித்திருப்பாள்.

அண்ணன் பிரஷ்களைக் கையில் எடுத்தான். தோலின் மேல் படாமல், ஒரு விரற்கடை உயரத்தில், காற்றைத் தடவி வாசிக்கத் தொடங்கினான். கூட்டத்துக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று தலையைக்கூட ஆட்டி ஆட்டி வாசித்தான். பாட்டு முடியும்வரை ஒரு இடத்திலும் விடவில்லை. ஒரு மனிதன் தன்னை ஏமாற்றியவளைக் காப்பாற்ற இவ்வளவு ஒழுங்காக நடிப்பதை அவள் பார்த்ததில்லை.

கைதட்டலில் அரங்கம் அதிர்ந்தது. விளக்கு அணைந்ததும் குழுவினர் மேடைக்குப் பின்னால் வந்தார்கள். கூட்டம் இன்னொரு பாட்டு கேட்டுக் காலால் தரையை உதைத்துக்கொண்டிருந்தது. நடைபாதையில் அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றான். அண்ணி அவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

“நல்லா வாசிக்கறான்,” என்றான் அண்ணன். “யாரு?”

“ஒரே ஒரு காலைல வந்துட்டுப் போனவர்ணா.”

“ஆல்பத்துலயும் அவன்தானா?”

அவள் தலையாட்டினாள். அவன் துண்டை நிதானமாக மடித்தான்.

“என்கிட்ட சொல்றதுக்கு என்ன? நான் போயிடுவேன்னு பயந்தியா?”

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு ஏதோ சொன்னாள். அண்ணன் அவள் மோவாயைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினான். கோபமாக இல்லை. அவனுக்கு உதடு தெரிய வேண்டும், அதற்காகத்தான்.

“குனிஞ்சுக்கிட்டு சொன்னா எனக்கு எப்படித் தெரியும்? இங்க பாத்து சொல்லு.”

ஒரு தடவை சொல்வதற்கே உயிர் போயிருந்தது. இப்போது அவன் கண்ணைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து, உதடு தெளிவாகத் தெரியும்படி திரும்பவும் சொல்ல வேண்டியிருந்தது.

“நீ… இல்லாம… நான்… நல்லா… பாடறேன். அது உனக்குத் தெரிஞ்சுடும்னு பயந்தேன்.”

அவன் கை அவள் மோவாயிலிருந்து இறங்கியது. அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெளியே கூட்டம் இன்னும் பலமாக உதைத்தது.

“கூப்பிடறாங்க. போ,” என்றான்.

“நீயும் வாண்ணா. மைக்கெல்லாம் திறக்கச் சொல்லிடறேன். பழைய பாட்டு பாடலாம்.”

“நான் வரணுமா, இல்ல அவனே பாத்துக்குவானா?”

அவளுக்கு அழுகை வெடித்தது. அவன் துண்டை அவள் கையில் கொடுத்தான்.

“மூஞ்சியத் துடை. நான் வரேன். ஆனா வாசிக்க மாட்டேன். அந்தப் பாட்டையே திரும்பப் பாடு. நான் பாதிதான் கேட்டேன்.”

கணினியை அணைக்கச் சொன்னார்கள். கிட்டார்காரரும் பேஸ்காரரும் ஒதுங்கி நின்றார்கள். அண்ணன் ஸ்டூலில் போய் உட்கார்ந்தான். அது இப்போது சும்மா இருந்தது. இடது தோளுக்குப் பின்னால் கிடந்த அந்தப் பழைய பெட்டியை இழுத்து வலப் பக்கம் வைத்துக்கொண்டு, மிச்சமிருந்த காதை அதனருகே கொண்டுபோனான். அவள் பாட ஆரம்பித்தாள். அவன் முகம் சுருங்கியது. கேட்கவில்லை. சவுண்ட்காரரைப் பார்த்துக் கையை மேல்நோக்கி அசைத்தான்.

“இன்னும் கொஞ்சம் ஏத்துங்க.”

அவள் பாட்டை அப்படியே நிறுத்தினாள். சவுண்ட்காரரைப் பார்த்து வேண்டாம் என்று கையை வீசினாள். மைக்கை அதன் தாங்கியில் மாட்டிவிட்டு, அண்ணனிடம் போய், பெட்டியைக் காலால் தள்ளிவிட்டு, ஸ்டூலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். அவன் வலது காதோடு வாயை வைத்துப் பாடினாள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை. அரங்கத்தில் யாருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. பின்வரிசையில் யாரோ மைக் வேலை செய்யவில்லை என்று கத்தினார்கள். இன்னும் சிலர் எழுந்து போகத் தொடங்கினார்கள். அவள் பாடிக்கொண்டே இருந்தாள்.

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். பழக்கத்தில் அவன் விரல்கள் முழங்காலில் தாளம் போட எழுந்தன. எழுந்தவை ஓரிடத்திலும் இறங்கவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு அப்படியே மடங்கிக்கொண்டன.

முடிந்ததும் அவன் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். அவன் கண் நிறைந்திருந்தது.

“இதுக்கு டிரம்ஸே வேண்டாம்டி,” என்றான். “அன்னிக்கே ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நானே எந்திரிச்சு வெளிய போயிருப்பேனே.”

அவள் ஸ்டூலின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவன் காலடியிலேயே உட்கார்ந்திருந்தாள்.